தொட்டில் கொக்கியை முதலில் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. ஆலையில் சுவரை வார்த்து, மனையில் கொண்டுவந்து நிறுத்திக் கட்டும் வீடுகளை வடிவமைத்து விற்பது என் தொழில். வீடு பார்க்க வருகிறவர்கள் முதல் வேலையாக விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார்கள். சில இடங்களில் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கும். "உள்ளே ஒண்ணுமே இல்லையே சார்" என்று முகம் சுருங்கிவிடும்.

அந்தச் சுவர் ஜிப்சம். உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் எடுத்தபின் கழிவாக மலைமலையாகக் குவிகிறதே, அதே ஜிப்சம்தான். அதைப் பதப்படுத்தி, கண்ணாடி இழை சேர்த்துப் பலகையாக வார்க்கிறார்கள். ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் கனம். உள்ளே மேலிருந்து கீழாக வரிசையாகக் குழிகள். எடை சுமார் ஒன்றரை டன். அதே அளவுக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் பதினைந்து டன்னைத் தொடும். குழிகளில் கம்பி இறக்கி கான்கிரீட் ஊற்றிவிட்டால் சுவரே வீட்டைத் தாங்கும். செங்கலுக்காக வயல் மண்ணை வெட்ட வேண்டாம், பூச்சுக்கு மணல் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த முறை இது. நம் நாட்டுக்கு ஏற்றபடி ஆராய்ந்து வளர்த்தது சென்னை ஐ.ஐ.டி. 2013-ல் தங்கள் வளாகத்திலேயே நான்கு குடியிருப்புகள் கொண்ட மாதிரிக் கட்டடத்தை ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள்.

வேகம் இருக்கிறது, சிக்கனம் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவரிடம் நான் முதலில் சொல்வது வேறு. பலகையை அறுக்கும் முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும்.

ஆரம்ப நாட்களில் நான் கட்டிய வீடு ஒன்றில், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "தம்பி, தொட்டில் எங்கே கட்டுறது?" என்றார். கொக்கி எனக்குத் தோன்றவே இல்லை. கூரையும் இதே குழிப் பலகைதான். வரைபடத்தை விரித்து, அதற்குள் கம்பியும் கான்கிரீட்டும் எந்த வரிசையில் ஓடுகின்றன என்று அளந்து, துளை போட்டு மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை பாட்டி மடியிலேயே குழந்தையைத் தூங்க வைத்திருந்தார். அந்த மடியை இன்றும் நான் மறக்கவில்லை.

அதிலிருந்து வரைபடம் போடும் முன் அந்த வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். கிரைண்டர் எந்தப் பக்கம், சிலிண்டர் உள்ளேயா வெளியேயா, பூஜை மாடம் எந்தச் சுவரில், துணி துவைக்கும் தண்ணீர் எங்கே வடியும்? இதையெல்லாம் பெண்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கடன் விஷயத்தையும் முன்கூட்டியே வங்கியில் பேசிவிடுங்கள். அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று மனையில் வேலை ஏற ஏறத்தான் வழக்கமாகப் பணம் விடுவிப்பார்கள். எங்கள் வேலையிலோ பெரும்பகுதிப் பணம் ஆலையில், மனையில் எதுவும் தெரியாத நேரத்தில் தேவைப்படும். இதில் திணறி நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வரும்போது மனையின் அளவோடு தெருவின் அகலத்தையும் அளந்து வாருங்கள். நீளமான பலகைகளோடு டிரெய்லர் திரும்ப வேண்டும், கிரேன் நிற்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.