செத்த கிளப்பைத் தூக்கி நிறுத்தினது யாரு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

சின்ன ஊர் கால்பந்து கிளப்பை வாழவைக்கிறது பணமா, ரசிகர்களா? எனக்கு முன்னாடி பேசின அண்ணன் ஒரு போடு போட்டாரு. "வேல்ஸ்ல நியூபோர்ட் கவுன்ட்டி கிளப் 2013-ல மறுபடி இங்கிலாந்தோட ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்துச்சே, எப்படி? லாட்டரி அடிச்சவர் சேர்மனா வந்தாரு! கைதட்டுனா கரண்ட் பில் கட்ட முடியுமா?"ன்னாரு. அரங்கமே ஆர்ப்பரிச்சுது.

அந்த லாட்டரிக்காரர் லெஸ் ஸ்கேடிங் வந்தது உண்மை. எப்ப வந்தாரு? 2012-ல. அண்ணே, அந்த கிளப் செத்தது எப்பன்னு சொன்னீங்களா? 1989 பிப்ரவரி!

கேளுங்க. 1981 மார்ச், ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் காலிறுதி. மூணாம் டிவிஷன் நியூபோர்ட், கிழக்கு ஜெர்மனிக்கே போய் கார்ல் ஜெய்ஸ் யேனா அணி கூட 2-2. டாமி டைனன் கடைசி நிமிஷத்துல ரெண்டாவது கோல் போட்டாரு. சொந்த மண்ணுல 0-1, போச்சு. அடுத்த எட்டு வருஷத்துக்குள்ள லீக்கை விட்டு இறங்கி, கடன்ல மூழ்கி, கதவை இழுத்துப் பூட்டிட்டாங்க.

அன்னைக்குப் பணம் எங்க போச்சு? வந்தது யாரு? ரசிகர்கள், ஏறக்குறைய 400 பேர். அதே வருஷம் ஜூன்ல புது கிளப் ஆரம்பிச்சாங்க. பழைய சோமர்ட்டன் பார்க் மைதானம் கிடைக்கல. எங்க ஆடுனாங்க தெரியுமா? மோர்ட்டன்-இன்-மார்ஷ்! அது வேல்ஸ்லயே இல்லைங்க, இங்கிலாந்துல இருக்கு. சுமார் 80 மைல். வெளியூர் ஆட்டத்துக்கு இல்ல, ஹோம் மேட்ச்சுக்கு! சொந்த டீமோட சொந்த ஆட்டத்தைப் பார்க்க 80 மைல் போகணும், 80 மைல் திரும்பணும். அது என்ன பெரிய லீக்கா? ஹெலெனிக் லீக், அடிமட்டம். அதுக்கும் போனாங்க நடுவர் அவர்களே! முதல் சீசன்லயே சாம்பியன். "எக்ஸைல்ஸ்", அதாவது ஊரை விட்டுத் துரத்தப்பட்டவங்கங்கிற பட்டப்பேரை இன்னைக்கும் பெருமையா சுமக்குறாங்க.

அதோட விட்டாங்களா? வேல்ஸ் லீக்குல சேருங்கன்னு வேல்ஸ் கால்பந்து சங்கம் நெருக்குச்சு. மாட்டோம், இங்கிலாந்து லீக்குலதான் ஆடுவோம்னு மறுபடி எல்லை தாண்டி க்ளூஸ்டர்ல ஆடுனாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க, 1995-ல ஜெயிச்சாங்க.

அண்ணே, 1989-லேர்ந்து 2012 வரைக்கும் 23 வருஷம். லாட்டரிக்காரர் வந்து ஏறுறதுக்கு வண்டியை ஓட்டத்துல வெச்சிருந்தது யாரு? 2015-ல அவர் விலகினதும் கிளப்பைக் கையில எடுத்தது யாரு? ரசிகர்களோட டிரஸ்ட்!

2017-க்கு வாங்க. 12 ஆட்டம் பாக்கி, லீக்குல தப்பிக்கிற இடத்துக்கு 11 புள்ளி பின்னால. அந்த ஊர்லயே பிறந்த மைக் ஃப்ளின் பொறுப்பேத்துக்கிட்டாரு. கடைசி நாள், ராட்னி பரேட் மைதானம், எதிர்ல நாட்ஸ் கவுன்ட்டி, 1-1. ஜெயிச்சாத்தான் லீக்குல இருக்கலாம். 89-வது நிமிஷம். மார்க் ஓ'பிரையன், டிஃபென்டர். சின்ன வயசுலயே இதய அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட பையன். பந்தை நெஞ்சுல வாங்குறான், அதே நெஞ்சுல! கீழ இறக்கி அடிக்கிறான், கோல்! ஜனங்க மைதானத்துக்குள்ள பாய்ஞ்சு ஓடி வர்றாங்க.

நடுவர் அவர்களே, 80 மைல் போனவங்க எத்தனை பேர் அந்தக் கூட்டத்துல அழுதுக்கிட்டு நின்னிருப்பாங்க! அவங்களுக்காக இந்தத் தீர்ப்பைக் கேட்குறேன், எங்க பக்கம் தாங்க. வணக்கம்.