கடற்கரைக் கல் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்குக் கடற்கரைகளில் குனிந்தபடியே நடக்கிற ஆட்கள் அதிகமாகிவிடுவார்கள். பிள்ளைகள் சிப்பி பொறுக்குவார்கள். பெரியவர்கள் மீன் தொட்டிக்கும் பூந்தொட்டிக்கும் கல் தேடுவார்கள். புவியியல் பாடம் நடத்தியவள் என்பதால் என்னிடம் கேட்பார்கள்: "டீச்சர், இதை எடுத்துக்கொண்டு போகலாமா? யாராவது பிடிப்பார்களா?"

பிடிப்பார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கல் யாருடையது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் என்று ஒன்று உண்டு. கானூன் தானா நெகாரா என்று மலாய்ப் பெயரைச் சொன்னால் வீட்டு கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். அதில் 'பாறைப் பொருள்' என்றால் என்னென்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாறை, கல், சரளை, மணல், களிமண், சேறு, பவளம், சிப்பி என்று போகிறது. பறவை எச்சத்தைக்கூட விடவில்லை. இவையெல்லாம் மாநில அரசுக்குச் சொந்தம். கடல் வற்றும்போது வெளியே தெரிகிற தரையும் மாநில நிலம்தான். அங்கிருந்து பாறைப் பொருளை எடுத்துப் போக வேண்டுமானால் நில அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். பொதுக் கடற்கரையில் நடக்கவும், உட்காரவும், குளிக்கவும் எல்லாருக்கும் இடம் உண்டு. அங்கே கிடப்பதை அள்ளிப்போவது அந்தக் கணக்கில் சேராது.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது இரவோடு இரவாக மணல் ஏற்றுகிற லாரிக்காரராகத்தான் இருக்கும், அஞ்சாங்கல் ஆடக் கல் தேடுகிற ஏழு வயதுப் பிள்ளை அல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் 'சின்னக் கல்லுக்கு விலக்கு உண்டு' என்று நாமே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: மூடிய கைக்குள் அடங்குவதைப் பார், ரசி, படம் எடு, ஒன்றே ஒன்று மனதை விடவில்லை என்றால், அது உயிருள்ள எதற்கும் வீடாக இல்லை என்று பார்த்துக்கொள். பையோடு வராதே. பை கொண்டுவந்தால் அதை நிரப்பத்தான் கை போகும்.

ஒன்றுகூட எடுக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. தெலுக் பஹாங்கில் இருக்கிற பினாங்கு தேசியப் பூங்கா அதில் முதல். 2003இல் அரசிதழில் பதிவான பூங்கா. பந்தாய் கெராச்சுட், தெலுக் டூயோங், மூக்கா ஹெட் கலங்கரை விளக்கப் பக்கம் எல்லாம் அதற்குள் வருகின்றன. கெராச்சுட்டில் ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மணலைத் தோண்டிப் பார்க்கும் ஆசையையும் அங்கே அடக்கிக்கொள்ளுங்கள். தெலுக் டூயோங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நம் பையைத்தான் குரங்குகள் கொண்டுபோகும்.

இங்கிருந்து படகேறிப் பூலாவ் பாயார் போகிறவர்கள் கவனியுங்கள், அது கடல் பூங்கா. செத்த பவளத் துண்டாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. கல் பவளங்களை நாட்டுக்கு நாடு கொண்டுபோவதற்கே சைட்டஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருக்கிறது. குர்னி டிரைவ் கரையில் அடுக்கியிருக்கிற பாறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவை அலை அரிக்காமல் இருக்க லாரியில் கொண்டுவந்து போட்டவை. ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பதும் ஆட்டம் காணும்.

கல்லில் எழுத்தோ செதுக்கிய கோடோ, மண்ணில் பழைய பானை ஓடோ கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. இது நமக்கு நடக்காத கதை என்று நினைக்க வேண்டாம். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில், செரோக் தொக்குன் கல்வெட்டு ஒரு கருங்கல் பாறையில் இருக்கிறது. எழுத்து பல்லவ எழுத்து. செபராங் பிறையின் குவார் கெப்பாவில் வெறும் சிப்பி மேடு என்று தோன்றிய இடத்தில் 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 5,000 ஆண்டுகளுக்கும் மேல்.

சரி, இனி கல்லுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பினாங்குத் தீவே கருங்கல் தீவு. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில், ஆழத்தில், பாறைக்குழம்பு மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மெல்ல ஆறியதால்தான் அதற்குள் இருக்கிற மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. பத்து ஃபெரிங்கியில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்று உற்றுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். பால் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ஸ்பார். கறுப்பாக மினுங்குகிற சின்னச் செதில்கள் மைக்கா, நம் காக்காப்பொன்.

அந்தக் கரையில் யானை படுத்திருப்பது போல உருண்டு திரண்ட பாறைகள் இருக்கின்றனவே, அவற்றை அலைதான் உருட்டியது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலை மண்ணுக்கு அடியிலேயே முடிந்துவிட்டது. கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டு. மழைநீர் அதில் இறங்கி, மூலை முடுக்குகளை முதலில் அரிக்கும். கட்டம் கட்டமாக இருந்த பாறை உருண்டையாகும். சுற்றியிருந்த மண் அடித்துக்கொண்டு போன பிறகு உருண்டை மட்டும் வெளியே தெரியும். அரிபட்ட ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்துவிடுகிறது. குவார்ட்ஸ் கரைவதில்லை. நீங்கள் காலில் மிதிக்கிற மணலில் பெரும்பங்கு அதுதான்.

நம் வெயிலுக்கும் மழைக்கும் கருங்கல் பெரும்பாலும் கூழாங்கல் என்ற கட்டத்தில் நிற்பதே இல்லை; ஒன்று குண்டுப் பாறை, இல்லையென்றால் மணல். நல்ல கூழாங்கல் இங்கே குறைவு என்பதற்குக் காரணம் அதுதான். குறைவாக இருப்பதை வாளி கணக்கில் அள்ளினால் அடுத்த விடுமுறைக்கு வருகிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

இன்னொன்று. "புதைபடிவம் கிடைத்திருக்கிறது" என்று படம் அனுப்புவார்கள். குழம்பு இறுகி வந்த கருங்கல்லில் புதைபடிவம் இருக்காது. பினாங்குக் கரையில் துளை துளையாகக் கிடைப்பது பெரும்பாலும் பவளத் துண்டு, சில சமயம் சிமெண்டு. புதைபடிவம் பார்க்க ஆசை என்றால் லங்காவி, பெர்லிஸ் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போக வேண்டும். அங்கேயும் பார்க்கத்தான், லங்காவி 2007 முதல் யுனெஸ்கோ ஜியோபார்க், அதாவது புவிப் பூங்கா.

எது எது என்று பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கல்லின் மேல் சமையலறை வினிகரை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் பவளமோ சிப்பியோ சுண்ணாம்போ. அதை மீன் தொட்டியில் போட்டால் தண்ணீரின் தன்மையே மாறிவிடும், நன்னீர் மீன்கள் பலவற்றுக்கு ஆகாது. பழைய போத்தலில் கீறிப் பாருங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் குவார்ட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

போகிற நேரம் முக்கியம். கடல் வற்று நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுங்கள். பாசி பிடித்த பாறை வழுக்கும். அதில் ஒட்டியிருக்கிற சிப்பி காலைக் கிழிக்கும். ஜப்பான் சிலிப்பர் போதாது, பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். பெட்டி ஜெல்லிமீன் நம் கடலில் உண்டு, ஆகவே கலங்கிய நீரில் கையை விட்டுத் துழாவாதீர்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் முன்பு இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள், அடியில் குடியிருப்பவை வெயிலில் செத்துப்போகும். காலிச் சிப்பி என்று நாம் நினைப்பதற்குள் துறவி நண்டு இருக்கலாம்.

காரணமே இல்லாமல் கடல் வெகுதூரம் உள்வாங்கினால் கல்லும் வேண்டாம், சிப்பியும் வேண்டாம், மேட்டைப் பார்த்து ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில்தான் இறந்தார்கள். மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் கரையில் கூடுகிற நம் மக்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கரையோரம் பார்பெக்யூ போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரக் கல்லை அடுப்புக்கு அண்டை கொடுக்காதீர்கள். உள்ளே சிக்கியிருக்கிற நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியின் சார்டீனியாவில் மணலோ கூழாங்கல்லோ எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். நியூசிலாந்தில் பொனாமு என்ற பச்சைக்கல் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ஙாய் டாஹு என்ற மௌரி இனக்குழுவுக்குச் சொந்தம். மேற்குக் கரைக் கடற்கரைகளில் ஓர் ஆள் துணையில்லாமல் ஒரு நாளில் தூக்கிப் போகிற அளவுக்கு மட்டும் அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. அமெரிக்காவின் மிச்சிகனில் மாநில நிலத்திலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு கல், அதாவது 11 கிலோ சொச்சம்தான் எடுக்கலாம். 2015இல் ஒருவர் ஏரிக்குள்ளிருந்து 93 பவுண்டு பெட்டோஸ்கி கல் (பழங்காலப் பவளத்தின் புதைபடிவம்) ஒன்றை வெளியே கொண்டுவந்தார். செய்தி ஊரெல்லாம் பரவி, கடைசியில் மாநில அதிகாரிகள் வந்து கல்லை எடுத்துப் போய்விட்டார்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கற்களை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் நிறம் மங்கும், அது இயல்பு. கொஞ்சம் பேபி ஆயில் தடவினால் ஈர நிறம் திரும்பும், பிறகு மறுபடியும் போய்விடும். வேண்டாம் என்று தோன்றினால் எடுத்த கரையிலேயே கொண்டுபோய் விடுங்கள். ஆனால் மீன் தொட்டியில் கிடந்த கல்லை மட்டும் கடலில் போட வேண்டாம். தொட்டியிலிருந்த பாசியும் நத்தை முட்டையும் அதோடு போகும். அதை வாசல் பூந்தொட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.