தொட்டறியும் உரிமை: பண்பாட்டு மரபும் அனைவருக்குமான வடிவமைப்பும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் அன்கோனா நகரில், கிரேக்கக் காவியப் புலவர் ஹோமரின் பெயரைத் தாங்கிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் சிலைகளைக் கையால் தடவிப் பார்க்கலாம்; அதற்காகவே அது அமைக்கப்பட்டது. அல்டோ கிராசினி, டேனியலா பொத்தேகோனி என்ற பார்வையற்ற தம்பதியர் பல நாடுகளுக்குப் பயணம் செய்தவர்கள். கலைக்கூடங்களுக்குச் சென்றபோதெல்லாம் ‘தொடாதீர்கள்’ என்ற கட்டளையே அவர்களை வழிமறித்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த அவர்களின் யோசனையை அன்கோனா நகராட்சி 1993-இல் நிறைவேற்றியது; 1999-இல் அது அரசு அருங்காட்சியகமாகவும் ஆனது.

சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பது ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 27-ஆம் பிரிவில் கூறுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, அந்த உரிமையை அருங்காட்சியகம், நூலகம், நாடக அரங்கு, நினைவுச்சின்னம் என்று பெயர் சொல்லியே விரிக்கிறது. ஆயினும் நடைமுறையில், வாசலில் ஒரு சாய்தளம் போட்டதும் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் இன்னும் போகவில்லை. உள்ளே வந்தவருக்கு அங்குள்ள பொருள் எதைச் சொல்லிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன்.

சாய்தளமே எளிதான காரியமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் தேவை. அரை மீட்டர் உயரப் படிக்கட்டுக்கு ஆறு மீட்டர் சாய்தளம் வேண்டும். பழங்கட்டடத்தின் முகப்பில் அதற்கு எங்கே இடம், கல்லில் துளையிடலாமா என்று மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. இதற்கு விடை அவர்களின் துறையிலேயே இருக்கிறது. மூலப்பொருளுக்கு ஊறு நேராமல் பின்னாளில் அகற்றக்கூடியதாகவே எந்த மாற்றமும் இருக்க வேண்டும் என்பது மரபுப் பாதுகாப்பில் நெடுநாளாகப் போற்றப்படும் நெறி. சுவரில் பிணைக்காமல் தன் எடையிலேயே நிற்கும் சாய்தளம் அந்த நெறிக்கு முழுமையாக உட்பட்டது. ஏதென்ஸ் நகரில் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் 2020-இல் புதிய மின்தூக்கி இயங்கத் தொடங்கியது. அதையொட்டி மேலே கான்கிரீட் நடைபாதைகளும் போடப்பட்டன. அந்தப் பாதைகளின் அளவும் தோற்றமும் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின. கண்டனம் எழுந்ததை நான் குறையாக நினைக்கவில்லை. பாதை எப்படி இருக்க வேண்டும் என்று வாதிடலாம். சக்கர நாற்காலியில் வருபவர் குன்றின் மேலே வரவே வேண்டுமா என்ற வாதத்துக்கு மட்டும் இனி இடமில்லை.

தொட்டறிதலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்லெண்ணம் மிகுதியாகவும் கவனம் குறைவாகவும் இருப்பது இங்கேதான். ஓர் ஓவியத்தின் கோடுகளையெல்லாம் அப்படியே மேடாக்கிக் கொடுத்துவிட்டால் பார்வையற்றவருக்கு அது புரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கண் முழுமையை ஒரே வீச்சில் கண்டுவிட்டுப் பிறகு நுணுக்கத்துக்குப் போகிறது. விரலோ ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, நினைவில் கோத்து, பிறகே முழுமையைக் கட்டி எழுப்புகிறது. ஆகவே கோடுகள் நெருக்கமாக இருந்தால் விரலுக்குக் கிடைப்பது வெறும் கரடுமுரடுதான். பின்னணியை நீக்கி, முன்னால் நிற்கும் உருவத்தை உயர்த்தி, துணிக்கும் தோலுக்கும் வெவ்வேறு மேற்பரப்பு கொடுத்து, விரித்த இரு கைகளுக்குள் அடங்கும் அளவில் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, வலக்கையருகே இருப்பது என்ன என்று வழிகாட்டும் ஒலிவிளக்கமும் உடன் வேண்டும். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து பொதுக் காட்சிக்கு வைத்தபோது, பார்வையுள்ளவர்களும் கண்ணை மறைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்க வழி செய்திருந்தது. செய்பொருளும் முக்கியம். பளிங்குச் சிலையின் குளிர்ச்சியை பிளாஸ்டிக் மாதிரி தராது. அருகில் ஒரு துண்டுப் பளிங்கையாவது வைத்தால் அந்தக் குறை பாதி தீரும்.

பார்வை மங்கியவர்களின் சிக்கல் வேறு. பழஞ்சுவடிகளும் துணிகளும் ஒளியால் மங்கிப்போகும் என்பதால் அவற்றின் மேல் விழும் ஒளியைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துகிறார்கள். பொருளுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அதே அரையிருளில் பொடி எழுத்தில் எழுதிய விளக்க அட்டையை வயது முதிர்ந்தவர் எவரும் படிக்க முடியாது. அட்டைக்குத் தனி விளக்குப் போட்டாலும், பெரிய எழுத்தில் அச்சிட்ட கையேடு தந்தாலும் பொருளுக்கு ஒரு தீங்கும் வராது. அட்டை எழுத்தோடு அதன் மொழிநடையும் எளிதாக வேண்டும். காதுகேளாதோர் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி என்பதால், அச்சிட்ட விளக்கம் மட்டும் அவர்களுக்குப் போதாது. கூட்டமும் இரைச்சலும் தாங்காத ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அமைதி நேரம் ஒதுக்குவதற்குப் பெரிய செலவும் இல்லை.

இவற்றையெல்லாம் யாரிடம் கேட்டு முடிவு செய்வது? கட்டடக் கலைஞரும் காப்பாட்சியரும் தங்களுக்குள் பேசி முடித்து, திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் மாற்றுத்திறனாளிகளை அழைத்து அபிப்பிராயம் கேட்பது ஒப்புக்குச் செய்யும் வேலை. முதல் வரைபடம் விரிக்கப்படும் நாளிலேயே அவர்கள் அங்கே இருக்க வேண்டும். மற்ற வல்லுநர்களைப் போலவே அவர்களின் நேரத்துக்கும் அறிவுக்கும் ஊதியம் தர வேண்டும். மாதிரியைச் செய்து அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சொன்னபடி திருத்தி, மீண்டும் அவர்களிடமே காட்ட வேண்டும். அதற்கான தொகை திட்ட மதிப்பீட்டின் முதல் வரைவிலேயே தனித் தலைப்பில் இடம்பெற வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால், நிதி குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

நன்றி. வணக்கம்.