சும்மா உட்கார்ந்திருந்தவர்

பெரியவர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, இறந்து இன்றோடு ஒரு வருடம். அவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என் மாமா, "அம்மா என்ன செய்தது என்று பேசுவாய் கண்ணு?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையாகவே யோசித்துக் கேட்டார். அம்மிச்சியிடமே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். யார் வந்து "என்ன பண்ணுறீங்க?" என்றாலும் அவர் பதில் ஒன்றுதான்: "சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்."

அப்படிச் சொல்லும்போது அவருடைய வலக்கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும். இடக்கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னிமலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் என் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நூல் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, வரும். அதை விரித்து மாட்டி, தார்க்குச்சியில் சுற்றினால் அதுதான் தார்; அந்தத் தாரைத் தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் போட்டால்தான் பாவு என்கிற நெடுக்கு நூலுக்குக் குறுக்கே ஊடை நூல் ஓடும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். சுற்று தளர்ந்திருந்தால் நூல் பாதியில் சரிந்து சிக்கும். அளவுக்கு மீறி இறுகினால் அறும். குழித்தறியில் அப்பிச்சி, அதாவது என் தாத்தா, நாளெல்லாம் மிதித்தார் என்றால், நாளெல்லாம் அவருக்குத் தார் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். கூலி அப்பிச்சியின் பாஸ் புத்தகத்தில் ஏறியது. ஒரு முறை வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர், அம்மிச்சியின் பெயருக்கு நேரே 'தொழில் இல்லை' என்று எழுதினார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார் அம்மிச்சி. நியாயமாகப் பார்த்தால் நான்தான் அன்று சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது, மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கந்த சஷ்டி கவசம் முழுக்கத் தெரியும். தேவராய சுவாமிகள் அதை அரங்கேற்றிய மலை என்பது நம் ஊரின் பெருமை அல்லவா? அம்மிச்சிக்கோ அது கடிகாரம். ஒரு கவசத்துக்கு நாலு தார் என்பது அவர் கணக்கு. மூன்றிலேயே முடிந்துவிட்டால் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு, முருகனிடம் மன்னிப்பும் கேட்பார்.

மலைக்கு பஸ் விட்ட பிறகும் அவர் 1320 படிகளையும் நடந்தே ஏறினார். "திருமஞ்சனத் தண்ணீர் சுமக்கிற பொதி காளையே படியில் ஏறுகிறது, எனக்கு என்ன கேடு?" என்பார்.

சமையலையும் தறிதான் முடிவு செய்தது. அரிசிம்பருப்புச் சாதத்தை இன்று ஓட்டல்களில் கொங்கு விருந்து என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது அவசரச் சோறு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துகொண்டிருக்க, அந்த நேரத்துக்குள் இரண்டு தார் சுற்றிவிடலாம்.

குறை இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். மருமகள் சுற்றிய தாரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை இன்னும் அதை மன்னிக்கவில்லை. முன்வரிசையில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் வந்தது. நம் ஊர் நெய்யும் படுக்கை விரிப்பும் அதில் உண்டு. சட்டம் இருக்க, விசைத்தறிச் சத்தம் எங்கள் தெருவுக்கும் வந்தது. அப்பிச்சி போன பிறகு எங்கள் தறிக்குழியை மூடி சிமென்ட் பூசினோம். ராட்டையை மட்டும் அம்மிச்சி விடவில்லை. பக்கத்துத் தறிகளுக்குச் சுற்றிக் கொடுத்தார். கண் மங்கியபிறகும் விரலுக்கு இழை தெரிந்தது.

கருமாதிக்கு வந்தவர்களில் அடுத்த தெருப் பெரியவர் ஒருவர், திண்ணையில் இருந்த கூடையிலிருந்து ஒரு தாரை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். "இது அவர் சுற்றினதுங்க. நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றார். கொடுத்தோம்.

மறுநாள் தன் தறியில் போட்டு ஓட்டினாராம். ஓர் இடத்திலும் அறவில்லை, நாலு விரற்கடைத் துணி வந்தது என்று பேரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.