பிரஷர் பார்க்கத் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம். நான் அமெரிக்காவில், வட கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் குடும்ப மருத்துவர். என் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் பிசிசியன் அசிஸ்டென்ட் மாணவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இவர்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியைப் பரிசோதிப்பார்கள், இன்ன நோய் என்று சொல்வார்கள், மருந்தும் எழுதுவார்கள். மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். கிராமங்களில் டாக்டர் கிடைக்காத காலத்தில், 1965இல், எங்கள் மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர் தொடங்கிய படிப்பு. கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துத் திரும்பிய நான்கு பேர்தான் முதல் மாணவர்கள். சென்னைக்கு இதை 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் இதய அறுவை மருத்துவர் கே.எம். செரியன்.

முதலில் வகுப்பறைப் படிப்பு. அப்புறம் சில வாரங்களுக்கு ஒரு துறை என்று சுற்றி வருவார்கள். அறுவை சிகிச்சை, அவசரப் பிரிவு எல்லாம் பார்த்துவிட்டு எங்களிடம் வரும்போது கொஞ்சம் சலிப்போடுதான் வருவார்கள். சளி, சர்க்கரை, முழங்கால் வலி, இதில் கற்க என்ன இருக்கிறது என்று.

நான் முதலில் பிரஷர் பார்க்கச் சொல்வேன். சிரிப்பார்கள். அது எங்களுக்குத் தெரியுமே!

ஒரு மாணவி. வந்தவர் வயதான லாரி ஓட்டுநர். இவள் வெளியே வந்து, "158க்கு 94. இரண்டாவது மாத்திரை சேர்த்துவிடலாமா?" என்றாள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். மனிதர் பரிசோதனை மேசை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தடித்த புஜம், அதில் சுற்றியிருந்த பிரஷர் மெஷின் பட்டை சின்னது, அதுவும் சட்டைக்கு மேலே. மருமகனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "இன்னொரு தடவை பார்" என்றேன், அவ்வளவுதான்.

அவளே யோசித்து நாற்காலிக்கு மாற்றினாள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பெரிய பட்டையைத் தேடி எடுத்து வந்தாள். அப்போது அவர், "அம்மா, நான் முதலில் பாத்ரூம் போய் வரட்டுமா?" என்றார். நெடுந்தூரம் ஓட்டி வந்தவர், இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! மூத்திரப்பை நிறைந்திருந்தாலே பிரஷர் ஏறும். பேசினால் ஏறும். பட்டை சின்னதாக இருந்தால் ஏற்றிக் காட்டும்.

திரும்பி வந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், பேச்சில்லாமல். அவர் நன்றாக உட்கார்ந்துவிட்டார். இவளுக்குத்தான் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் பார்த்தால் 134க்கு 82. மறுபடி பார்த்தாள், கிட்டத்தட்ட அதேதான். இரண்டாவது மாத்திரைக்கு அன்று வேலை இல்லை. வீட்டிலும் சில நாள் அளந்து எழுதி வரச் சொல்லி அனுப்பினோம்.

இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மனைவிக்கே அலுத்துவிட்டது. இப்போது கால்மேல் கால் போட்டுக்கொண்டு இதைக் கேட்பவர்கள் வீட்டில் மெஷின் வைத்திருந்தால், காலை இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். காப்பி குடித்து அரை மணியாவது ஆகியிருக்கட்டும். திரும்பவும் சொல்கிறேன்: முதுகு, பாதம், கை, அப்புறம் வாய். வாய்தான் கஷ்டம்.

குடும்ப மருத்துவத்தில் மாணவர் கற்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் கட்சி. நோய் அதேதான், புத்தகத்தில் இருப்பதுதான். எண்ணைப் பார்த்ததும் மருந்துச் சீட்டை எடுக்காமல், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கும் பழக்கம் இங்கேதான் வரும். அவசரப் பிரிவில் அதற்கு நேரம் கிடையாது.

மருந்துப் பையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் இல்லை என்கிறார்கள். சரி, சுருக்கமாக. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லாவற்றையும், கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வறட்டு இருமல் என்று வந்தவரின் பையிலிருந்து எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையை எடுத்துக் காட்டிய மாணவர்கள் உண்டு. அந்த மாத்திரையே சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். வணக்கம்.