எக்ஸெப்ஷனுக்கு இன்டர்ஃபேஸா, சப்கிளாஸா?

சரி, அடுத்த கேள்வி. ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட்டில் நம்முடைய எக்ஸெப்ஷன்களுக்கெல்லாம் (ப்ரோக்ராம் ஓடும்போது எறியப்படும் பிழைகளுக்கெல்லாம்) ஒரு பேஸ் கிளாஸ் வைத்து எக்ஸ்டென்ட் செய்வதா, இல்லை எரர் கோட் தருகிற ஒரு இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்தால் போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "இன்ஹெரிட்டன்ஸைத் தவிர்க்கச் சொல்கிறார்களே" என்றும் சேர்த்திருக்கிறார்.

அந்த அறிவுரை பொதுவாகச் சரிதான். ஆனால் எக்ஸெப்ஷன் விஷயத்தில் ஜாவாவே நம் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. எல்லா எக்ஸெப்ஷனுக்கும் மூலமான த்ரோவபிள் ஒரு கிளாஸ். கேட்ச்சில் அதையோ அதன் சப்கிளாஸையோதான் எழுத முடியும், வெறும் இன்டர்ஃபேஸ் பெயரைப் போட்டால் கம்பைலே ஆகாது. ஸ்பிரிங்கின் எக்ஸெப்ஷன்ஹேண்ட்லர் அனோட்டேஷனும் அதே மாதிரி த்ரோவபிள் வகைகளைத்தான் ஏற்கும்.

ட்ரான்ஸாக்‌ஷனையும் பாருங்கள். ட்ரான்ஸாக்‌ஷனல் போட்ட மெத்தடிலிருந்து ரன்டைம்எக்ஸெப்ஷனோ எரரோ வெளியே வந்தால்தான் டீஃபால்ட்டாக ரோல்பேக் ஆகும், அதாவது எழுதியது ரத்தாகும். செக்டு எக்ஸெப்ஷன் (கையாளவோ அறிவிக்கவோ கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகை) வந்தால் கமிட் ஆகிவிடும், எழுதியது அப்படியே நிலைத்துவிடும்! இதைத் தெரியாமல் டேட்டா பாதி எழுதப்பட்டு நிற்பதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஆக, எந்த கிளாஸை எக்ஸ்டென்ட் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஃப்ரேம்வொர்க் முடிவெடுக்கிறது. அதனால் ரன்டைம்எக்ஸெப்ஷனிலிருந்து உங்களுக்கென்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கே டேட்டாபேஸ் பிழைகளுக்கான டேட்டாஆக்ஸஸ்எக்ஸெப்ஷனை அப்படித்தான் வைத்திருக்கிறது. அதன் வழி வந்த டேட்டாஇன்டெக்ரிட்டிவயலேஷன்எக்ஸெப்ஷனைப் பிடித்தால் அதன் கீழே இருக்கும் டூப்ளிகேட்கீஎக்ஸெப்ஷனும் சேர்ந்தே மாட்டும்.

அப்போ இன்டர்ஃபேஸ் எதற்கு? உங்கள் பேஸ் கிளாஸை எக்ஸ்டென்ட் செய்ய முடியாத இடம் ஒன்று வரும், அதற்கு. லாகின் சரிபார்ப்பில் நீங்கள் எறியும் எக்ஸெப்ஷனை ஸ்பிரிங் செக்யூரிட்டி தன் வழக்கமான பாதையில் கையாள வேண்டுமென்றால், அது ஆதன்டிகேஷன்எக்ஸெப்ஷனின் சப்கிளாஸாக இருக்க வேண்டும். ஜாவாவில் இரண்டு பேரண்ட் கிளாஸ் கிடையாது. அதற்கும் எரர் கோட் வேண்டுமே? அங்கே இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்துவிடலாம். உங்கள் பேஸ் கிளாஸும் அதே இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்யட்டும். பிடிப்பது கிளாஸை வைத்து. பிடித்த பிறகு அது அந்த இன்டர்ஃபேஸ் வகைதானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுப் பார்த்து, கோடை எடுத்து ரெஸ்பான்ஸில் வைப்பது இன்டர்ஃபேஸ் வழியாக.

ஸ்பிரிங் 6-லும் இதே ஏற்பாடுதான். எரர்ரெஸ்பான்ஸ் ஒரு இன்டர்ஃபேஸ், எரர்ரெஸ்பான்ஸ்எக்ஸெப்ஷன் அதை இம்ப்ளிமென்ட் செய்கிற ரெடிமேட் கிளாஸ். புது ப்ராஜெக்ட் என்றால், சொந்தமாக ஒன்று எழுதுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. செக்யூரிட்டி ஃபில்டரில் எழும் எக்ஸெப்ஷன், கன்ட்ரோலர்களின் எக்ஸெப்ஷன்களை ஒரே இடத்தில் கையாளும் கன்ட்ரோலர்அட்வைஸ் வரைக்கும் வராது. அதனால் அந்த இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையை, லாகின் ஆகாத ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஆதன்டிகேஷன்என்ட்ரிபாயின்ட்டிலும் எழுத வேண்டியிருக்கும்.