அணையப்போகிற விளக்கு

தலைமை தாங்கும் ஓய்வுநிலைக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும், கோயில்களை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரே, அதிபர்மாரே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, (பொன்னாடையைக் கழற்றிவிட்டுப் பேசுகிறேன், கோபிக்கக் கூடாது, இந்த வெக்கைக்கு ஏலாது) பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விடயம் சொல்லப்போகிறேன். பெரிய நட்சத்திரம் எப்படிச் சாகிறது, சாகுமுன் தன்னைச் சுற்றி எதைக் கொட்டிவைக்கிறது, அதை மட்டக்களப்பிலிருந்து நாம் எப்படிப் பார்ப்பது.

அணையப்போகிற விளக்கு சுடர்விட்டெரியும் என்பார்கள். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரத்துக்கு இது அப்படியே பொருந்தும். எரிபொருள் தீர்ந்து, நடுப்பகுதி இரும்பாகி, தன் பாரம் தாங்காமல் ஒரு செக்கனுக்குள் இடிந்து விழும். மேற்பகுதி வெடித்துச் சிதறும். அதுதான் சூப்பர்நோவா.

ஆனால் அதற்கு முன்பே அது வாயுவையும் தூசியையும் உதிர்க்கத் தொடங்கிவிடும். 2019 கடைசியில் நம்முடைய திருவாதிரை மங்கியது நினைவிருக்கும். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்தது என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நட்சத்திரம் வெடித்ததும் முதல் ஒளி இந்த உதிரிகளில் பட்டு, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிற நிறமாலையில் மெல்லிய கோடுகளாகத் தெரியும். சில நாட்களில், பின்னால் பாய்ந்து வருகிற வெடிப்பு அவற்றை விழுங்கிவிடும். ஆகவே முதல் நாளே பிடிக்கவேண்டும்.

அப்படி ஒரு வெடிப்பின் முதல் ஒளியையே பிடித்தது யார் தெரியுமா? ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் ஒரு பூட்டுத் திருத்துபவர். பெயர் விக்டர் பூசோ. பகலில் பூட்டும் சாவியும், இரவில் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி. 2016 செப்டெம்பர் 20 அன்று புதுக் கமரா வேலை செய்கிறதா என்று பார்க்க, தலைக்கு மேலே நின்ற ஒரு விண்மீன் மண்டலத்தைப் படமெடுக்கிறார். நகர வெளிச்சம் படத்தைக் கெடுக்குமென்று இருபது இருபது செக்கனாக எடுக்கிறார். முதல் படங்களில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எடுத்ததில் ஒரு புள்ளி! படத்துக்குப் படம் அது பிரகாசம் கூடுகிறது. வெடிப்பின் அதிர்ச்சியலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வந்த அந்தக் கணம்! பெரிய ஆய்வகங்கள் தேடித் திரிந்ததை, பூட்டுத் திறக்கிற மனிதன் கமரா பரிசோதிக்கையில் பிடித்துவிட்டார். 2018இல் அது நேச்சர் இதழில் வந்தது. (கைதட்டல் அவருக்கு, எனக்கில்லை.)

இரண்டாவது விடயத்தில் இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

1987 மாசியில், நம் பால்வீதிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டுக்கு முன் அது உதிர்த்த வளையம், வெடிப்பலை போய் மோதியதும் பின்னாளில் மணி மணியாக ஒளிர்ந்தது. மட்டக்களப்பில் அந்த மேகம் தென்வானில் ஏறத்தாழ 13 பாகைதான் எழும். அந்த மாசியில் இரவில் முற்றத்தில் நின்று வானம் பார்க்கிற காலமா இங்கே இருந்தது?

இன்று நிற்கலாம். ஆனால் அந்த மேகம் கண்ணுக்குத் தெரியாது! வாவிக்கரையில் தலைநிமிர்ந்து எரிகிற விளக்குகள் தென்வானின் அடியை முழுக்க விழுங்கிவிட்டன. பூசோவுக்குத் தலைக்கு மேலே கிடைத்தது. நமக்கு வேண்டியதோ அடிவானில். 2022 மின்வெட்டில் பால்வீதியைப் பார்த்தீர்களே, அதுதான் நம் சொந்த வானம். அணையப்போகிற விளக்கு சுடர்விட்டெரியும். அணையாத தெருவிளக்கு அதை மறைக்கும். விளக்கே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பெண்பிள்ளைகள் நடக்கிற பாதைக்கு வெளிச்சம் வேண்டும். மேற்பக்கம் மூடி போடுங்கள், ஒளி பாதையில் விழட்டும். பொறுப்பான இடத்துக்குக் கடிதம் எழுதினேன், பதிலில்லை.

வாசலில் மேசையில் மனு இருக்கிறது. வண்ணக்கர்மார் முதலில் கையெழுத்து வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.